உங்க கம்ப்யூட்டர் நிஜமாவே வேலை பாக்குதா?

காலை பத்து மணிக்கு ரிஜிஸ்டரில் கையெழுத்து. மாலை ஆறு மணிக்கு ஜூட். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. ஆக, ஏழரை மணி நேரம் நீங்கள் வேலை பார்த்ததாக ஆபீஸ் கணக்கு. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்... நிஜமாக வேலை பார்த்தது எவ்வளவு நேரம்? கோபித்துக்கொள்ள வேண்டாம். டீ, போன், 'ஃபைல் இன்னும் வரலை சார்' என்று காத்திருந்தது, பக்கத்து சீட்டுக்காரரின் மச்சினி கல்யாணக் கதை இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆண்டவனுக்கும் தெரியும். மேனேஜருக்கு மட்டும் தெரியாது!

கம்ப்யூட்டரிடம் இந்த ஜம்பமெல்லாம் பலிக்காது. அதற்குள் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் ஆபீஸுக்கு எப்போது வந்தது என்பது ஒரு கணக்கு. சீட்டில் உட்கார்ந்து எத்தனை நொடி நிஜமாக உழைத்தது என்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது. பி.காம். படித்துவிட்டுப் பேனா பிடித்து அலையும் எனக்கு இந்த இரண்டாவது கணக்கின் மேல் ஒரு தனிக் காதல். காரணம், அதைப் பார்க்கத் தெரிந்தால் பணம் மிச்சமாகும். சில சமயம் திருடன்கூட மாட்டுவான். இரண்டுக்குமே கதை இருக்கிறது.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் சி.பி.யு. என்றால் மேஜைக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் இருக்கும் பெட்டி. 'சி.பி.யு.வைத் தூக்கிட்டுப் போய் சர்வீஸ் குடுத்துட்டு வாங்க' என்போம். அசல் சி.பி.யு. அந்தப் பெட்டிக்குள், ஃபேனுக்கு அடியில், பிஸ்கட் சைஸுக்கு ஒளிந்திருக்கும் பிராசஸர். கணக்குப் போடுகிற குமாஸ்தா அதுதான். ஹார்ட் டிஸ்க் என்பது ரிக்கார்டு ரூமிலிருந்து கட்டு எடுத்து வரும் ஆள். கீபோர்டு தபால்காரர். பிரின்டர், எப்போதும் லீவில் இருக்கும் டைப்பிஸ்ட்.

இந்தக் குமாஸ்தாவிடம் ஒரே நேரத்தில் நூறு, நூற்றைம்பது புரோகிராம்கள் க்யூவில் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கோ இன்னும் கொஞ்சமோ சீட் கிடைக்கும். பிறகு 'எழுந்திரு, அடுத்த ஆள்' என்று கிளப்பிவிடுவார்கள். மாற்றி மாற்றி உட்கார வைக்கிற வேகத்தில், எல்லாமே ஒரே சமயத்தில் ஓடுவதாக நமக்கு ஒரு பிரமை. (எங்கள் மாவட்டமும் கொஞ்சம் அப்படித்தான். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் திரும்பச் சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. லெட்டர்ஹெட் அச்சடித்தவர்கள் பாவம்!)

ஒரு புரோகிராம் சீட்டில் உட்கார்ந்திருந்த துளித்துளி நேரத்தையெல்லாம் கூட்டினால் கிடைப்பதுதான் பிராசஸர் நேரம். செஸ் ஆட்டத்தில் இரட்டைக் கடிகாரம் வைப்பார்களே, அதே சமாசாரம். விஸ்வநாதன் ஆனந்த் காயை நகர்த்திவிட்டுப் பொத்தானை அமுக்கினால் அவர் கடிகாரம் நிற்கும், எதிராளியுடையது ஓடும். ஆட்டம் நான்கு மணி நேரம் நடந்திருக்கலாம். ஆனந்த் யோசித்தது ஒன்றரை மணியாக இருக்கலாம். 'ஆனந்த் நாலு மணி நேரம் யோசிச்சார்' என்று சொன்னால் செஸ் தெரிந்தவன் சிரிப்பான். 'என் கம்ப்யூட்டர் ஆறு நிமிஷம் யோசிக்குது' என்று நாம் சொன்னால் மட்டும் யாரும் சிரிப்பதில்லை. புதுக் கம்ப்யூட்டர் விற்க வந்துவிடுகிறார்கள்.

அப்படித்தான் என் நண்பனிடம் வந்தார்கள்.

நண்பன் அரியலூரில் லாரி ஆபீஸ் வைத்திருக்கிறான். அரியலூர் என்றாலே சிமென்ட். சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் மூட்டையுமாக லாரிகள் போய் வந்து, ரோட்டோர வேப்பமரம்கூட வெள்ளையடித்த மாதிரி நிற்கும். லோடு, வாடகை, டீசல், டிரைவர் பேட்டா, பார்ட்டி பாக்கி எல்லாம் ஒரு கம்ப்யூட்டரில். ஒரு நாள் போன் வந்தது.

"மாப்ள, சிஸ்டம் படுத்துருச்சுடா. பார்ட்டி லெட்ஜர் கேட்டா, டீக்கடைக்குப் போய்ட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. கடைக்காரர் வந்து பாத்தாரு. பிராசஸர் பழசாம். புதுசு 48 ஆயிரம்கறாரு."

"வாங்கப் போறியா?"

"48 ஆயிரம்னா ரெண்டு டயர்டா! மழைக்கு முன்னாடி டயர் மாத்தணும்னு டிரைவர் கத்திக்கிட்டிருக்கான். எதுன்னு புரியலை."

லாரிக்காரனுக்கு டயரா, கம்ப்யூட்டரா என்பது சின்னக் கேள்வி இல்லை. வழுக்கை டயரில் மழை ரோட்டில் முப்பது டன் லோடு போவதை ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள். நான் பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறினேன்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. ரயில் பிடிக்கவே அரியலூர் போகிற ஊர் எங்களுடையது. முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல், ஒரு கணக்கு எடுத்தேன். ஸ்டாண்டில் கிளம்பியதிலிருந்து அரியலூரில் இறங்கும்வரை 70 நிமிஷம். அதில் சக்கரம் சுற்றிய நேரம் 46 நிமிஷம். பாக்கி 24 நிமிஷம்? கண்டக்டர் டிக்கெட் போட்டு முடிக்கும்வரை, கோழிக் கூடையைப் படியில் ஏற்றும்வரை, முன்னால் போன சிமென்ட் லாரி ஒதுங்கும்வரை. இந்தப் பஸ்ஸுக்கு இரண்டு மடங்கு வேகமுள்ள இன்ஜின் மாட்டினாலும் அந்த 24 நிமிஷத்தில் ஒரு நொடி குறையுமா? கோழிக்கூடை கோழிக்கூடைதானே!

நண்பன் ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'டீட்டெய்ல்ஸ்' என்ற பக்கம். மேலே தலைப்பு வரிசையில் மவுஸின் வலது பொத்தானைத் தட்டி, 'செலக்ட் காலம்ஸ்' போய், 'சி.பி.யு. டைம்' என்பதற்கு டிக் அடித்தால் ஒவ்வொரு புரோகிராமின் பெயருக்கு நேராகவும் மணி, நிமிஷம், நொடி தெரியும். இது கரண்ட் மீட்டர் மாதிரி. ஆரம்பித்ததிலிருந்து மொத்தம் ஓடியதைக் காட்டும். ஆகவே முன்னால் ஒரு ரீடிங், பின்னால் ஒரு ரீடிங் எடுத்துக் கழிக்க வேண்டும். ஈ.பி.காரர் வெள்ளை அட்டையில் எழுதுவாரே, அதே கழித்தல்தான். பக்கத்தில் சதவீதம் காட்டும் இன்னொரு காலம் துள்ளிக்கொண்டே இருக்கும். அதை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். இந்த நொடியில் ஃபேன் சுற்றுகிறதா என்பதைப் பார்த்து இரண்டு மாதக் கரண்ட் பில் சொல்ல முடியுமா?

லெட்ஜர் கேட்பதற்கு முன் ரீடிங்: 1 நிமிஷம் 12 நொடி. பொத்தானைத் தட்டிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். நண்பன் கொட்டாவி விட்டான். இரண்டு டிரைவர்கள் வந்து பேட்டா வாங்கிப் போனார்கள். லெட்ஜர் வந்து நின்றபோது கடிகாரப்படி 6 நிமிஷம் 10 நொடி, அதாவது 370 நொடி ஆகியிருந்தது. புரோகிராமின் ரீடிங் 1 நிமிஷம் 35 நொடி. கழித்தால் 23 நொடி!

370 நொடியில் பிராசஸர் அந்த வேலைக்காக உழைத்தது 23 நொடி. நூற்றுக்கு ஆறு. மீதி 347 நொடி? அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் காலம் 100 சதவீதத்தில் சிவந்து கிடந்தது. ரிக்கார்டு ரூம் ஆள் ஒவ்வொரு கட்டாக எடுத்து வருகிறார், குமாஸ்தா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். குமாஸ்தாவை மாற்றி, இரண்டு மடங்கு வேகமான குமாஸ்தா போட்டால் 23 நொடி பதினொன்றரை ஆகும். மொத்தம் 370-லிருந்து 358 ஆகும். அதற்கு விலை இரண்டு டயர்!

கடைக்காரர் சொன்ன புது மெஷினும் வேகமாகத்தான் ஓடியிருக்கும், அதை மறைக்கக் கூடாது. காரணம் அதன் புதுப் பிராசஸர் இல்லை. அதற்குள் சுற்றும் தட்டு வைத்த பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருந்திருக்கும். அதை மட்டும் தனியாக வாங்கி மாட்டினோம். கூலியோடு மூவாயிரத்துச் சொச்சம். மறுபடி அதே லெட்ஜர். கடிகாரத்தில் 41 நொடி. பிராசஸர் நேரம்? 22 நொடி. கவனியுங்கள், உழைப்பு கிட்டத்தட்ட அதேதான். காத்திருப்புதான் போய்விட்டது.

"அப்ப இத்தனை நாள் இது சும்மாவாடா உக்காந்திருந்துச்சு?" என்று நண்பன் பிராசஸரைத் திட்டினான். பாவம், அது என்ன செய்யும்? டயர் மாற்றியாகிவிட்டது. டிரைவர் இப்போது ஹாரன் மாற்றச் சொல்கிறாராம்.

* * *

யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் வேலை செய்கிற தம்பிகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் சுலபம். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் வளர்ந்துகொண்டிருந்தபோதே 'டைம்' என்று ஒரு கட்டளையும் வந்துவிட்டது. எந்தக் கட்டளைக்கு முன்னாலும் 'டைம்' என்று போட்டால், வேலை முடிந்ததும் மூன்று வரி வரும். ரியல், யூசர், சிஸ். சாதிச் சான்றிதழ் வாங்கப் போன கதையாக நினைத்துக்கொள்ளுங்கள். காலை பத்துக்குப் போய் மாலை நாலுக்கு வெளியே வந்தீர்கள். அது ரியல், ஆறு மணி நேரம். நீங்கள் உட்கார்ந்து மனு எழுதியது ஏழு நிமிஷம். அது யூசர், சொந்த உழைப்பு. ஆபீசர் ரிஜிஸ்டரைப் பார்த்து, சீல் குத்திக் கையெழுத்துப் போட்டது இரண்டு நிமிஷம். அது சிஸ், உங்களுக்காக சர்க்கார் உழைத்தது. ஏழும் இரண்டும் ஒன்பது நிமிஷம்தான் பிராசஸர் நேரம். பாக்கி ஐந்து மணி ஐம்பத்தொரு நிமிஷத்துக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

சரி, இந்த ரீடிங்கை யார் எடுக்கிறார்கள்? பல வருஷங்களாக இருந்த முறை கொஞ்சம் வேடிக்கையானது. ஒரு மணியடிக்கும் ஆள். நொடிக்கு நூறு தடவை மணி அடிப்பான். (அமெரிக்காவில் பி.டி.பி.-11 என்ற பழைய மெஷினில் சுவரில் வருகிற கரண்ட்டின் துடிப்பையே மணியாக வைத்திருந்தார்கள். அங்கே நொடிக்கு 60. நம் ஊர்க் கரண்ட்டுக்கு 50.) ஒவ்வொரு மணிக்கும் சூப்பர்வைசர் எட்டிப் பார்ப்பார். சீட்டில் அந்த க்ஷணம் யார் இருக்கிறாரோ அவர் பெயரில் ஒரு முழு மணி வரவு. இப்போதுதான் வந்து உட்கார்ந்தாரா, ரொம்ப நேரமாக இருக்கிறாரா என்ற விசாரணையெல்லாம் கிடையாது.

இதைப் படித்ததும் ஆபீஸ் மூளைகளுக்கு உடனே பொறி தட்டியிருக்குமே! ஆமாம். சூப்பர்வைசர் வருவதற்கு ஒரு வினாடி முன்னால் எழுந்து போய்விட்டு, அவர் தலை மறைந்ததும் வந்து உட்கார்ந்தால்? நாள் முழுக்க சீட்டை அனுபவிக்கலாம், கணக்கில் ஒரு நொடிகூட ஏறாது. டான் ட்சாஃப்ரிர், யோவ் எட்ஸியன், ட்ரோர் ஃபைட்டல்சன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் இதைச் செய்தே காட்டினார்கள். சாதாரண யூசர் ஒருவர், எந்த விசேஷ அதிகாரமும் இல்லாமல், பிராசஸரில் வேண்டிய பங்கைச் சுருட்டிக்கொள்ளலாம். பட்டியலில் அவர் புரோகிராம் பரம சாதுவாகத் தெரியும். சில சமயம் பழி, மணியடிக்கும்போது அப்பாவியாக வந்து உட்கார்ந்த இன்னொரு புரோகிராமின் மேல் விழும். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதல்லவா? மணி அடிப்பதை நம்பாமல், ஒவ்வொரு ஆள் உட்காரும்போதும் எழும்போதும் நேரம் குறித்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. லினக்ஸ் அந்த வழிக்குத்தான் போனது. சின்னச் சின்ன வேலையை அளக்கிறவர்கள் இன்றைக்கும் ஒரு ரீடிங்கை நம்பாமல் ஆயிரம் தடவை ஓடவிட்டுச் சராசரி எடுப்பது நல்ல பழக்கம்.

* * *

இப்போது நமக்குப் பிராசஸர் நேரம் இலவசம் மாதிரி. ஒரு காலத்தில் அது ரேஷன்.

1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 என்ற கம்ப்யூட்டர் வந்தது. மேற்கு ஜெர்மனியின் உதவியில் பிறந்த கல்லூரி அது. இந்த மெஷினும் அந்த உதவியில்தான். அந்தக் காலத்து இந்தியாவில் அது ராட்சஸன். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனோடு ஓட்டப்பந்தயம் விட்டால் ராட்சஸன் செருப்பைக் கழற்றுவதற்குள் செல்போன் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஒரு மெஷின், அதை நம்பி இத்தனை மாணவர்கள், பேராசிரியர்கள், வெளி நிறுவனத்துக்காரர்கள். அப்போது கீபோர்டு முன்னால் உட்கார்ந்து தட்டுவதெல்லாம் கிடையாது. 80 எழுத்து கொள்ளும் அட்டைகளில் ஓட்டை போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். முடிவு பிறகு பேப்பரில் வரும்.

அந்த ஐ.பி.எம். மெஷின்களின் வழக்கத்தில், கட்டின் தலையில் வைக்கும் அட்டையில் 'டைம்' என்று போட்டு, என் வேலைக்கு இத்தனை நிமிஷம், இத்தனை நொடி பிராசஸர் போதும் என்று எழுதலாம். சுவர்க் கடிகார நேரம் இல்லை, சீட்டில் உட்காரும் நேரம். எழுதிய நொடி தீர்ந்தால் தயவு தாட்சண்யம் கிடையாது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளி, பேப்பரில் 322 என்ற எண்ணை அச்சடித்துவிடும். ஒரு வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு முடிவே இல்லாமல் சுற்றும் புரோகிராமை எழுதிய மாணவன், ராத்திரியெல்லாம் கனவு கண்டுவிட்டு வந்து பிரித்தால் 322! அவனுக்கு வருத்தம். க்யூவில் பின்னால் நின்றவர்களுக்கு அந்த 322 தெய்வம்.

இன்னொரு எண்ணும் உண்டு. 522. பிராசஸரைத் தொடாமல், எதற்கோ காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா கிடந்த வேலைக்கு அந்தத் தண்டனை. அளவுக்கு மீறி உழைத்தால் 322, அளவுக்கு மீறிக் காத்திருந்தால் 522. வரம்பே வேண்டாம் என்கிற பெரிய இடத்து வேலைக்கு 1440 என்று போடுவார்கள். 24 மணி நேரத்துக்கு அத்தனை நிமிஷம். 522-ஐ நம் ஆபீஸ்களில் அமல்படுத்தினால் மதியம் மூன்று மணிக்கு மேல் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று யோசித்தேன். யோசனையை உடனே கைவிட்டேன்.

* * *

இனி திருடன் கதை. காமர்ஸ் படித்த யாரும் இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் நிமிர்ந்து நடப்பார்கள்.

1986. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடம். கிளிஃபோர்ட் ஸ்டோல் என்பவர் வானவியல்காரர். அந்தப் பக்கம் பணம் வற்றிப்போனதால் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே யார் எவ்வளவு நேரம் மெஷினைப் பயன்படுத்தினார்களோ அவரவர் கணக்கில் பில். ஒரு மணி நேரத்துக்கு 300 டாலர். மாதக் கடைசியில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் ஒத்துப்போகவில்லை. வித்தியாசம் எவ்வளவு? 75 சென்ட். ஒரு டாலரில் முக்கால்!

நம் ஊர் ஆபீஸாக இருந்தால் 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்ல போட்டு மூடுப்பா' என்றிருப்பார்கள். ஸ்டோல் மூடவில்லை. மணிக்கு 300 டாலர் என்றால் 75 சென்ட்டுக்கு ஒன்பது நொடி. இந்த ஒன்பது நொடியை யார் தின்றது? தோண்டினார். பில் அனுப்ப விலாசமே இல்லாத ஒரு புதுக் கணக்கு அகப்பட்டது. உள்ளே புகுந்தவன் ஆய்வுக்கூடத்து ஆளே இல்லை. ஸ்டோல் விரட்டி அடிக்காமல், ஓசைப்படாமல் பின்னால் இருந்து கவனித்தார். அந்த ஆசாமி அங்கிருந்து அமெரிக்க ராணுவத்தின் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தான். பல மாதம் துரத்தி, கடைசியில் பொய்யான ராணுவக் கோப்புகளைத் தூண்டில் புழுவாகப் போட்டு, லைனில் அவனை ரொம்ப நேரம் இருக்க வைத்து, போன் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனால்... மேற்கு ஜெர்மனியில் ஹானோவர் நகரம். மார்க்கஸ் ஹெஸ் என்ற இளைஞன். திருடியதை அவனும் கூட்டாளிகளும் சோவியத் உளவு நிறுவனமான கே.ஜி.பி.க்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1990-ல் கோர்ட் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஸ்டோல் இந்தக் கதையை 1989-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். டிரையல் பேலன்ஸ் முக்கால் டாலர் உதைத்ததில் ஒரு உளவாளிக் கூட்டம்! இனி யாராவது 'அக்கவுன்ட்ஸ்தானே' என்று இழுத்தால் இதைச் சொல்லுங்கள்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் இன்னொன்று. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற இன்ஜினீயர், மைக்ரோசாஃப்ட்டில் வேலை, போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸைக் கட்டுகிறவர்களில் ஒருவர். தன் வேலையின் வேகத்தை அளப்பதற்காக மெஷினைச் சத்தமில்லாமல் வைத்திருக்கப் பார்த்தார். வெளியூரிலிருந்து லாகின் செய்ய விடும் எஸ்.எஸ்.ஹெச். என்ற காவல்கார புரோகிராம், தப்பான பெயரைச் சொன்னவர்களை உடனே துரத்தியனுப்ப வேண்டியது, அதற்குப் போய் ஏகப்பட்ட பிராசஸர் நேரம் தின்றுகொண்டிருந்தது. நாமாக இருந்தால் 'இருந்துட்டுப் போகட்டும்' என்போம். அவர் மேலே சொன்ன அதே 'டைம்' கட்டளையைப் போட்டு அளந்தார். முன்பு ஒரு லாகினுக்கு 0.299 நொடி. இப்போது 0.807 நொடி. அரை நொடி அதிகம்! எங்கே போகிறது இந்த அரை நொடி?

தேடிக்கொண்டு போனதில், ஃபைல்களைச் சுருக்கும் 'எக்ஸ்-இஸட்' என்ற இலவசப் புரோகிராமின் புதிய பதிப்புக்குள் யாரோ கொல்லைப்புறக் கதவு வைத்திருந்தது தெரிந்தது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக உதவி செய்து, நம்பிக்கை சம்பாதித்து, பிறகு வைத்த கதவு. சாவி வைத்திருப்பவன் அந்தக் கதவு போய்ச் சேர்ந்த சர்வர்களுக்குள் நுழையலாம் என்கிற மாதிரி வேலைப்பாடு. சோதனைப் பதிப்புகளில் மட்டும் பரவியிருந்த நேரத்தில், மார்ச் 29-ம் தேதி ஃப்ராயிண்ட் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டார். இன்னும் சில மாதம் யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால், பேங்க் சர்வர், ஆஸ்பத்திரி சர்வர் என்று எங்கெல்லாமோ போய் உட்கார்ந்திருக்கும். அரை நொடி ஐயா! நாம் கண் சிமிட்டி முடிக்கிற நேரம்.

* * *

இந்தக் கணக்கில் காசு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சொந்தமாக ஆப் செய்து பார்க்கிற தம்பிகள், இடத்தை அமேசான் போன்ற கம்பெனிகளிடம் வாடகைக்கு எடுக்கிறீர்கள் அல்லவா? பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அமேசானின் லாம்டாவில் பொதுவாகக் கடிகார நேரத்துக்குக் காசு. உங்கள் புரோகிராம் வேறொரு சர்வரின் பதிலுக்காகக் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாலும் மீட்டர் ஓடும். கிளவுட்ஃப்ளேர் தன் வொர்க்கர்ஸ் சேவைக்கு 2023-ல் வேறு கணக்குக்கு மாறியது. தடவைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு கட்டணம், அது போக பிராசஸர் உழைத்த நேரத்துக்கு மட்டும் காசு. வெயிட்டிங் சார்ஜ் உள்ள ஆட்டோ, இல்லாத ஆட்டோ! உங்கள் புரோகிராம் உழைக்கிற ஜாதியா, காத்திருக்கிற ஜாதியா என்று தெரியாமல் ஆட்டோ ஏறினால் மாதக் கடைசியில் தெரியும்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆன்லைனில் பரீட்சை அப்ளிகேஷன் போட்டுத் தருவார்கள். அங்கே வேலை பார்க்கும் தம்பிக்கு நான் டாஸ்க் மேனேஜர் பைத்தியம் என்று எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"அண்ணே, வைரஸ் வந்துருச்சுண்ணே! காலைல பத்துக்கு ஆன் பண்ணேன். இப்ப மணி ஆறு. எட்டு மணி நேரம்தானே? இங்க பாருங்க, சிஸ்டம் ஐடில் பிராசஸ்னு ஒண்ணு, முப்பது மணி நேரம் ஓடிருக்கு! எண்ட் டாஸ்க் குடுத்தாலும் போக மாட்டேங்குது."

"தம்பி, ஒரே மேஸ்திரிகிட்ட நாலு கொத்தனார் எட்டு மணி நேரம் வேலை பாத்தா எத்தனை மணி நேரக் கூலி?"

"முப்பத்திரண்டு."

"உன் பிராசஸருக்குள்ள நாலு கொத்தனார் இருக்காங்க. கோர்னு சொல்வாங்க. நாலு பேருக்கும் எட்டெட்டு மணி நேரம், மொத்தம் முப்பத்திரண்டு. இந்த ஐடில் பிராசஸ் புரோகிராமே இல்லை. யாரும் சீட்டுல இல்லாத நேரத்தை எழுதி வைக்கிற பேரு. அது முப்பது மணி நேரம்னா, உன் சிஸ்டம் இன்னிக்கு நிஜமா உழைச்சது எல்லாம் சேர்த்து ரெண்டு மணி நேரம்."

தம்பி ஸ்கிரீனைப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். கல்லாப் பக்கம் திரும்பி, முதலாளி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே... மனுஷங்களுக்கு இந்த மாதிரி மெஷின் எதுவும் இன்னும் வரலைல்ல?"